பஸ்ஸில் கேட்காத கோரை

அரியமுத்துவுக்கு மூக்கு போனது கொரோனா இரண்டாம் தடவை வந்தபோது. மூக்கு என்றால் மூக்கு அல்ல. அது இருந்த இடத்தில்தான் இருந்தது. எங்கள் வம்சத்து மூக்கு அவ்வளவு லேசில் காணாமல் போகிற அளவும் அல்ல. வாசனை போய்விட்டது. காய்ச்சல் ஐந்தாம் நாள் விட்டது, இருமல் இருபதாம் நாள் விட்டது, போன வாசனை மட்டும் திரும்பி வரவில்லை. பெரம்பலூரில் ஒரு டாக்டர் டார்ச் அடித்து இரண்டு துளைக்குள்ளும் எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள எல்லாம் நல்லாத்தான் இருக்கு. வரும்போது வரும்" என்றார். வேப்பந்தட்டையில் நின்று எங்கள் ஊர் பஸ்ஸைப் பற்றி விசாரித்தாலும் இதே பதில்தான் கிடைக்கும்.

வாசனை இல்லாமல் மனிதன் வாழலாம். அரியமுத்து வாழ்ந்தான். அவன் மனைவி மலர்கொடி ஒரு வாரம் தாய்வீடு போயிருந்தபோது, கட்டிலுக்கு அடியில் ஒரு பெருச்சாளி செத்துப்போய், அதன்மேல் நான்கு நாள் படுத்துத் தூங்கினான். ஐந்தாம் நாள் தெருக்காரர்கள் நாங்கள் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போனோம். அவன் கட்டிலில் உட்கார்ந்து பழைய சோறு குடித்துக்கொண்டிருந்தான்.

"என்னாண்ணே, எல்லாரும் திருடனுங்களாட்டம் வரீங்க?" என்று என்னைக் கேட்டான். என் பெயர் சின்னதுரை. எனக்கு அவன் பங்காளி முறையில் தம்பி, பக்கத்து வீடும்கூட.

பெருச்சாளி ஒரு பெரிய விஷயமில்லை. சோறுதான் விஷயம். வாசனை போனால் ருசியும் கூடவே கிளம்பிவிடும் என்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது. எதை வாயில் போட்டாலும் ஈரப் பஞ்சை மெல்லுவதுபோல் இருக்கிறது என்றான். மலர்கொடி சமையல் என்ன சாதாரணமா? அவள் கருவாட்டுக் குழம்பு தாளிக்கிற நேரத்தில் எங்கள் வீட்டெதிரே பஸ் நின்றிருக்கிறது. அங்கே ஸ்டாப் கிடையாது. இறங்கவும் ஆள் இல்லை, ஏறவும் ஆள் இல்லை. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, கண்ணை மூடி, இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு எடுத்துக்கொண்டு போவார். கண்டக்டரும் எதுவும் கேட்கமாட்டார்.

அப்பேர்ப்பட்ட குழம்பை ஊற்றிவிட்டு, "எப்படிய்யா இருக்கு?" என்று கேட்பாள்.

"இருக்கு" என்பான் அரியமுத்து.

மறுநாள் கேட்பாள். "இருக்கு." முதல் வருடம் முழுக்க இதே பதில். அதற்குப்பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். அவனும் இளைத்துக்கொண்டே வந்தான். அவனுடைய அரைஞாண் கயிற்றில் போட்ட முடிச்சுகளை வைத்தே அதை அளக்கலாம். நான்கு முடிச்சு போட்டு ஐந்தாவதுக்குக் கயிறு இல்லாமல் நின்றது.

இப்படி ஒன்றரை வருடம் போனபிறகு, ஒரு கார்த்திகையில், மக்காச்சோளக் காட்டு வரப்பைச் செதுக்கப் போனவன் அங்கிருந்தே கத்தினான்.

"அண்ணே! வருதுண்ணே! வருது!"

"என்னடா வருது? போர்ல தண்ணியா?"

"வாசனண்ணே!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். வரப்பில் குப்புற விழுந்து கிடந்தான். மூக்கை ஒரு செடிக்குள் விட்டிருந்தான். கஞ்சாங்கோரை.

எங்கள் பக்கத்தில் அதற்கு அதுதான் பெயர். அது கஞ்சாவும் இல்லை, கோரையும் இல்லை. துளசிக்குத் தம்பி முறை ஆகவேண்டும். முழங்கால் உயரம் வரும். சின்னச் சின்ன இலை, கதிர்போல நீண்ட காம்பில் அடுக்கடுக்காக வெள்ளைப் பூ. ஆடு வாய் வைக்காது. யாரும் விதைப்பதில்லை, யாரும் தண்ணீர் விடுவதில்லை. ஐப்பசி மழை பெய்தால் ஓடைக்கரை பூராவும் தானாக எழுந்து நிற்கும். இலையைக் கசக்கினால் துளசியும் கற்பூரமும் எலுமிச்சையும் சேர்ந்து அடிக்கும். நல்ல மழை பெய்த வருடத்தில் கசக்கவே வேண்டாம். பொழுது சாய்கிற நேரத்தில் ஓடைக்கரையில் அந்த வாசனை கெட்டியாகிவிடும். அதன்மேல் துண்டைப் போட்டால் கீழே விழாது. நான் போட்டுப் பார்த்திருக்கிறேன். மூன்று நிமிடம் நிற்கும். ஈரத்துண்டு என்றால் ஒரு நிமிடம்தான்.

உலகத்தில் உள்ள அத்தனை வாசனையிலும் அந்த ஒன்றுக்கு மட்டும் அரியமுத்துவின் மூக்கு கதவைத் திறந்தது. பன்னீர் ரோஜாவைக் காட்டினோம், பெட்ரோலைக் காட்டினோம், அவன் செருப்பையே கழற்றிக் காட்டினோம். ஒன்றும் உள்ளே போகவில்லை. கஞ்சாங்கோரை மட்டும் போனது.

அன்று முதல் ஒரு கொத்து எப்போதும் அவன் காதில் செருகி இருக்கும். சாப்பிட உட்கார்ந்தால் தட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கொத்து. அதை ஒரு தடவை மோந்துவிட்டு ஒரு கவளம். மறுபடி ஒரு மோப்பு, மறுபடி ஒரு கவளம். அப்படித்தான் சோறு இறங்கியது. அரைஞாண் கயிற்றில் இரண்டு முடிச்சு அவிழ்ந்தது. வெயில் காலத்தில் செடி காய்ந்துபோகும் என்பதால் கட்டுக் கட்டாக அறுத்து உலர்த்தி, வீட்டுக் கூரையின் எரவாணத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொள்வான். எனக்கும் ஒரு கட்டு தருவான். எனக்குக் கொசுவுக்கு. தலைமாட்டில் வைத்துப் படுத்தால் கொசு வாசல் வரை வந்து, யோசித்து, திரும்பிவிடும்.

மலர்கொடிக்குத்தான் அந்தச் செடியைக் கண்டாலே ஆகாது.

"ஏன் மாமா, நான் அரச்சு கொதிக்க வெச்சு கையச் சுட்டுக்கிட்டு வெக்கிற கொழம்புக்கு மணம் இல்லையாம். கரையில கேப்பாரத்துக் கெடக்கறதுக்கு மணமாம். அத மோந்து மோந்து என் சோத்த முழுங்குறாரு. மருந்து குடிக்கிறவன் மூஞ்சியாட்டம் வெச்சுக்கிட்டு" என்று என்னிடம் சொல்வாள். நான் என்ன சொல்ல? எனக்கு அன்றைக்குக் கிண்ணத்தில் குழம்பு வரவேண்டும். "கொழம்பு நல்லா இருக்கு ஆத்தா" என்பேன். "நீங்க சொல்லி?" என்று போய்விடுவாள்.

போன கார்த்திகையில் ஒரு புதன்கிழமை, நானும் அரியமுத்துவும் பெரம்பலூர் போய்விட்டு டவுன் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். அவன் சோளத்துக்குப் படைப்புழு மருந்து வாங்க வந்திருந்தான். நான் கண்ணுக்குச் சொட்டு மருந்து. மூன்று பேர் சீட். ஜன்னலோரம் நான், நடுவில் அவன், அந்தப் பக்கம் ஒட்ட முடி வெட்டின ஓர் இளைஞன். வரும் வழியில் அரியமுத்து மனைவிக்குப் போன் போட்டான். பஸ் சத்தத்தில் அவள் பேசுவது கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டான். அவனும் கத்திப் பேசினான்.

எங்கள் ரூட் டிரைவர் ஹாரனைக் காரணத்தோடு அடிப்பவர் அல்ல. பழக்கத்தில் அடிப்பார். அன்று மூன்று தடவை அடித்தார். மூன்று தடவையும் சரியாக 'கஞ்சா' முடிந்து 'ங்கோரை' தொடங்குகிற இடம்.

"மலரு! நாந்தான்! கஞ்சா—"

ஹாரன்.

"—அறுத்தியா? பழசு தீந்து போச்சு. ஓடக்கரை பூரா புதுசு தளதளன்னு நிக்கிது. நாலு கட்டு அறுத்து எரவாணத்துல தொங்கவுடு. எனக்குக் கஞ்சா—"

ஹாரன்.

"—இல்லாட்டி சோறு எறங்காதுன்னு தெரியும்ல?"

"அந்தக் கருமத்த நான் தொடமாட்டேன்!" என்றது போன். "அத மோந்துக்கிட்டு நீ திங்கறதப் பாத்தாலே எனக்கு நெஞ்சு எரியிது. ஊருல நாலு பேரு சிரிக்கிறாங்க!"

"சிரிச்சா சிரிக்கட்டும்! சின்னதொரண்ணனுக்கும் ஒரு கட்டு தனியா வையி. அவருக்கு கஞ்சா—"

ஹாரன்.

"—இல்லாம தூக்கம் வராது!"

பக்கத்து இளைஞன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டான். "பெரியவரே, எந்த ஊருங்க நீங்க?"

அரியமுத்து ஒளிவுமறைவு தெரியாதவன். ஊரைச் சொன்னான். தகப்பன் பெயரைச் சொன்னான். காட்டுக்கு எப்படி வரவேண்டும், புளியமரத்தில் எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்றெல்லாம் சொன்னான். "வாங்க தம்பி ஒருநாள். ஒங்களுக்கும் ஒரு கட்டு தரேன். ஆரு கேட்டாலும் குடுக்கறதுதான்" என்றான்.

"கண்டிப்பா வரேங்க" என்றான் இளைஞன்.

அவன் பெயர் பிரேம்குமார். ஜெயங்கொண்டத்துப் பிள்ளை. போலீஸ் வேலைக்கு வந்து எட்டு மாதம். எங்கள் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றுக்கு மாற்றலாகிப் பத்து நாள். இதெல்லாம் மறுநாள் தெரிந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஜீப் வந்தது. நான் மண்வெட்டி இரவல் கேட்கிற சாக்கில் அரியமுத்து வீட்டில்தான் இருந்தேன். மலர்கொடி கத்திரிக்காய் வெந்த குழம்பில் கருவாட்டைப் போட்டுவிட்டு, அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஜீப்பைப் பார்த்ததும் மூன்று பேரும் அப்படியே வாசலுக்கு வந்தோம். எஸ்.ஐ. தமிழழகன் இறங்கினார். நல்ல உயரம், நல்ல மீசை, எங்கள் மாவட்டத்துக்குப் புதுசு. தலையைத் தூக்கி எரவாணத்தைப் பார்த்தார். நான்கு கட்டு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தொடமாட்டேன் என்றவள் அறுத்துத்தான் வைத்திருந்தாள்.

"இது என்னய்யா?"

"கஞ்சாங்கோரைங்க" என்றான் அரியமுத்து.

எஸ்.ஐ. பக்கத்தில் பேப்பரோடு நின்றிருந்த ஏட்டைப் பார்த்தார். "எழுதிக்குங்க. அவனே சொல்றான்."

ஏட்டு எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். அந்தப் பேப்பரில் பொருளின் பெயர் என்று போட்டு ஒரு சின்னக் கட்டம் இருந்தது. மூன்று எழுத்துக்கு மேல் அதில் இடமில்லை.

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருசமாங்க."

"ரெண்டு வருசமா என்ன பண்ற?"

"மோந்துக்குவேங்க. காலையில ஒரு தடவ. அப்பறம் சோத்துக்கு."

"பெருசு, நீ?" என்று என்னைக் கேட்டார்.

"எனக்குக் கொசுக் கடிக்குங்க" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்கள். பேப்பரில் நான் இரண்டாவது ஆள் ஆனேன். எழுபத்திரண்டு வயதில் பேப்பரில் பெயர் ஏறுவது ஒரு மாதிரி இருந்தது.

காட்டுக்குப் போனோம். ஓடைக்கரையில் ஒரு ஏக்கர் பரப்புக்குக் கஞ்சாங்கோரை பூத்து நின்றது. அதைப் பார்த்ததும் எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றிவிட்டார். பொட்டலத்தில் கட்டினதைப் பிடித்திருக்கிறாரே தவிர, நிற்கிற செடியை அவர் பார்த்ததில்லை. சந்தேகம் வேண்டாம் என்று போனில் படம் தேடினார். எங்கள் மலையடிவாரத்தில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். படம் மேல்பாதி மட்டும் வந்து நின்றுவிட்டது. மேல்பாதி பச்சையாக இருந்தது. செடியும் பச்சையாக இருந்தது. எஸ்.ஐ. போனைப் பையில் வைத்துக்கொண்டார்.

"சார், இது கஞ்சாங்கோரை சார். கஞ்சா இல்ல" என்றான் அரியமுத்து. அப்போதுதான் அவனுக்கு விஷயம் உறைத்திருந்தது.

"மறுபடியும் சொல்றான் பாருங்க" என்றார் எஸ்.ஐ.

அந்தப் பெயரை அவன் எத்தனை தடவை முழுசாகச் சொன்னாலும், அவர் காதில் பாதிதான் விழுந்தது. கெஞ்சக் கெஞ்ச ஒப்புதல் வாக்குமூலம் நீண்டுகொண்டே போனது. நான் அவன் கையைப் பிடித்து, "பேசாத இருடா, பேசப் பேச வருசம் கூடுது" என்றேன்.

வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்த நூறு நாள் வேலைப் பெண்களைக் கூப்பிட்டு, செடியை வேரோடு பிடுங்கச் சொன்னார் எஸ்.ஐ. அவர்கள் சிரித்துக்கொண்டே பிடுங்கினார்கள். மலர்கொடியும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். அவள் பிடுங்கின வேகத்தை யாராலும் ஈடுகட்ட முடியவில்லை. மற்ற பெண்கள் ஒரு கை பிடுங்குவதற்குள் அவள் நான்கு கை. ஒவ்வொரு செடிக்கும் ஒரு திட்டு. "இந்தா... போ... இனிமே எந்த மூக்க மயக்குவ?"

"இந்தம்மா யாரு?" என்று கேட்டார் எஸ்.ஐ.

"இவன் சம்சாரங்க."

"குடும்பத்துல ஒருத்தராவது யோக்கியமா இருக்காங்க" என்றார். பிறகு பெரிய அதிகாரிக்குப் போன் போட்டார். "ஒரு ஏக்கர் சார்... ஆமா சார், தனி ஆளாத்தான் பண்ணிருக்கான் சார்... ஒரு செடி மிச்சமில்லாம அழிச்சுடறோம் சார்." சிக்னல் அதற்கு மட்டும் நன்றாக இருந்தது.

செடிகளைக் களத்தில் குவித்தார்கள். குவியல் ஒரு பனை உயரம் என்றால் நம்பமாட்டீர்கள். அரைப் பனை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு மணிக்கு மோப்ப நாய் வந்தது. அதன் வேன் வழி தெரியாமல் பூலாம்பாடி வரை போய்விட்டதாம். பிரேம்குமார்தான் ரோட்டில் காத்திருந்து அழைத்து வந்தான். நாயின் பெயர் ரோஸி. பதினான்கு கேஸில் துப்புக் கொடுத்த நாய் என்று அதனுடன் வந்த போலீஸ்காரர் சொன்னார். நாயைவிட அவர் அதிகம் களைத்திருந்தார்.

ரோஸி வேனிலிருந்து குதித்தது. காற்று வந்த திசைக்கு மூக்கைத் தூக்கியது. நேராகக் குவியலுக்குப் போய் உட்கார்ந்தது.

"உக்காந்தா கண்டுபுடிச்சிருச்சுன்னு அர்த்தம் சார்" என்றார் போலீஸ்காரர்.

எஸ்.ஐ. மீசையைத் தடவிக்கொண்டார்.

ரோஸி அடுத்து படுத்தது.

"படுத்தா என்னய்யா அர்த்தம்?"

"அது... ட்ரெய்னிங்ல சொல்லல சார்."

ரோஸி நான்கு காலையும் மேலே தூக்கிக்கொண்டு குவியலில் புரண்டது. அதன் காதிலிருந்த உண்ணிகள் வாசனை தாங்காமல் வரிசையாக இறங்கிப் போயின. நான் எண்ணினேன், பதினேழு. கடைசி உண்ணி இறங்கினதும் நாய் ஒரு பெருமூச்சு விட்டுத் தூங்கிப்போனது. குறட்டையும் கேட்டது.

இதற்குள் பிரேம்குமார் குவியலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டான். ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கினான். மூக்கருகே கொண்டுபோனான். அவன் முகம் வெளுத்தது.

"சார்..."

"என்னய்யா?"

"சார், இது நாய்த்துளசி சார். எங்க ஊர்ல முந்திரிக்காடு பூரா இதான் சார் கெடக்கும்."

"நாய்த்துளசியா?"

"ஆமா சார். நாயே சொல்லுதே சார்."

எஸ்.ஐ. தூங்குகிற நாயைப் பார்த்தார். "நீதானய்யா கஞ்சான்னு வந்து சொன்ன?"

"அவருதான் சார் பஸ்ஸுல கஞ்சான்னாரு."

"நான் கஞ்சாங்கோரைன்னு சொன்னேன் தம்பி" என்றான் அரியமுத்து.

"பஸ்ஸுல கோரை கேக்கல சார். ஹாரன் அடிச்சுட்டான்."

நூறு நாள் வேலைப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அதில் ஒருத்தி, குஞ்சம்மாள் என்று பெயர், மூட மறந்துவிட்டாள். "பொறந்ததுலேருந்து பாக்குறோம் சார், கஞ்சாங்கோரை. எங்களக் கேட்டிருந்தா சொல்லிருப்பமே."

"ஏம்மா, புடுங்கறப்பவே சொல்றதுதான?"

"புடுங்குன்னுதான சார் சொன்னீங்க? என்னான்னு கேக்கலியே."

எஸ்.ஐ. நல்ல மனிதர்தான். எங்கள் இருவர் பெயரும் இருந்த பேப்பரை வாங்கி நாலாகக் கிழித்தார். ஆனால் மேலே சொன்னது சொன்னதாக இருந்தது. ஒரு செடி மிச்சமில்லாமல் அழித்துவிட்டோம் என்று பெரிய அதிகாரி இந்நேரம் அவருக்கும் மேலே சொல்லியிருப்பார். அந்த ஒரு வாக்கியத்தையாவது உண்மையாக்கிவிட்டுப் போகவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. "களைன்னு போட்டுக்கலாம். கொளுத்துங்க" என்றார். எரவாணத்துக் கட்டுகளையும் கொண்டுவந்து போட்டார்கள். நாயை இரண்டு பேர் தூக்கி வேனில் படுக்கவைத்தார்கள்.

தீக்குச்சியைக் கிழிக்கப் போகும்போதுதான் அவர் கண் அரியமுத்துவின் காதுக்குப் போனது.

"அதையும் போடு."

அரியமுத்து காதை மூடிக்கொண்டான். "சார், எல்லாத்தையும் எரிங்க சார். வேணாங்கல. இந்தக் கொத்த மட்டும் வுட்டுருங்க. எனக்கு மூக்கு இதான் சார். இது இல்லாட்டி ஒன்னுமே இல்ல சார்."

"ஒரு செடி மிச்சமில்லன்னு சொல்லியாச்சுய்யா."

"இது செடி இல்ல சார். கொத்து."

எஸ்.ஐ. கையை நீட்டினார். யாரும் எதிர்பாராத பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"அத வுட்டுருங்க சார்." மலர்கொடி. கையெல்லாம் மண். "நாந்தான் அதுக்கு மொத எதிரி. ஒரு ஏக்கரையும் புடுங்கிப் போட்டவ நானு. ஆனா அந்தாளு மூக்கப் புடுங்காதீங்க. அத வெச்சுத்தான் நாலு வாயி திங்கிறாரு. என் சோத்தத்தான் திங்கிறாரு."

எஸ்.ஐ. சங்கடப்பட்டார். ஆனால் நீட்டின கையை மடக்கத் தெரியாத வேலை அது. அரியமுத்துவே கொத்தை எடுத்தான். ஒரு தடவை நன்றாக மோந்தான். பிறகு குவியலின்மேல், வீசாமல், வைத்தான்.

பச்சைச் செடி எரியாது, புகையும். அது புகைந்ததைப் பற்றிச் சொன்னால் நீளும். களம் தெரியவில்லை, காடு தெரியவில்லை, பச்சைமலை தெரியவில்லை. மூன்று ஊர்க் கொசுக்கள் மூட்டை முடிச்சோடு அரியலூர் மாவட்டத்துக்குக் குடிபோயின. அங்கே அந்த வாரம் தொந்தரவு அதிகம் என்று பிரேம்குமார் பின்னால் சொன்னான். எல்லோரும் விலகி ஓடினோம். அரியமுத்து மட்டும் குவியலுக்குக் கிட்டே போனான். தலையைப் புகைக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்தான். இனிமேல் அடுத்த ஐப்பசி வரை இந்த வாசனை கிடையாது. கிடைக்கிறவரை உள்ளே இழுத்துவிடலாம் என்று நினைத்திருப்பான்.

முதல் தும்மல் வந்தது. வரப்பில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் நிமிர்ந்தன. இரண்டாவது, மூன்றாவது. ஏழாவதில் அவன் தலைப்பாகைத் துண்டு பறந்துபோய் ஜீப் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. பதினொன்றாவது தும்மலில் சோளக்காட்டில் இரண்டு வரிசை சாய்ந்தது. மூன்றரை வருடமாய் அந்த மூக்கில் அடைத்துக்கொண்டிருந்தது என்ன என்று நான் பார்க்கவில்லை. ஆனால் அது போன சத்தம் கேட்டது.

அரியமுத்து புகைக்குள்ளிருந்து எழுந்து வந்தான். கண், மூக்கு, வாய் எல்லாவற்றிலும் தண்ணீர். நின்று, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தான்.

"அண்ணே, ஏதோ கருகுது."

"கஞ்சாங்கோரைதான்டா எரியுது. கண்ணு தெரியலியா?"

"அது இல்ல. அதுக்குப் பின்னால. வேற ஒன்னு." நாயைப்போல மூக்கை உயர்த்தினான். வேனுக்குள் ரோஸி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. "கத்திரிக்கா... புளி..." இரண்டடி வீட்டுப் பக்கம் நடந்தான். அவன் வீடு அங்கிருந்து மூன்று காடு தள்ளி. "மலரு!"

"என்னாய்யா?"

"கொழம்பு அடிப்புடிக்குது."

மலர்கொடி அசையாமல் நின்றாள். "என்னா சொன்ன?"

"கருவாட்டுக் கொழம்பு. நெத்திலி. அடுப்புல வெச்சுட்டு வந்துட்டியா? அடிப்புடிச்சுருச்சுடி!"

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அவள் கொன்றிருப்பாள். அவள் வைத்த குழம்பு ஒருநாளும் அடிப்பிடித்ததில்லை. இப்போது அவள் முகத்தில் வந்தது என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கையிலிருந்த மண்ணைக்கூடத் தட்டாமல் ஓடினாள். அரியமுத்து அவள் பின்னால் ஓடினான். நானும் போனேன், குழம்பு என்றால் நான் போவது வழக்கம்.

சட்டியில் அடிப்பாதி கரியாகிவிட்டிருந்தது. மேல்பாதி தப்பியிருந்தது என்றும் சொல்லமுடியாது. அவள் அதைக் கொட்டப்போனாள்.

"கொட்டாத. ஊத்து."

"கருகிப் போச்சுய்யா. வேற வெக்கிறேன்."

"ஊத்துடி."

சோற்றைப் போட்டு ஊற்றினாள். அரியமுத்து உட்கார்ந்தான். தட்டுக்குப் பக்கத்தில் கொத்து இல்லை. காதிலும் இல்லை. ஒரு கவளம் வாயில் வைத்தான். மென்றான். கண்ணை மூடிக்கொண்டு நிறைய நேரம் மென்றான். மலர்கொடி கரண்டியைப் பிடித்தபடி அவன் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்கவில்லை. கேட்பதை நிறுத்தித்தான் இரண்டரை வருடம் ஆகிவிட்டதே.

அரியமுத்து விழுங்கினான்.

"உப்பு கம்மி" என்றான்.

மலர்கொடி சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"என்னா ஆத்தா?" என்று கேட்டேன்.

"ஒன்னுமில்ல மாமா. பொக. அந்தச் செடிப் பொக கண்ணுல பட்டுருச்சு" என்றாள்.

நான் வெளியே எட்டிப் பார்த்தேன். காற்று வீட்டுக்கு எதிர்ப்பக்கம். புகை அதற்குள் பூலாம்பாடியைத் தாண்டிப் போயிருந்தது.